கொண்டைக்குருவியும் பழந்தின்னி வௌவாலும்

மானிப்பாய்ப் பக்கத்து வளவுகளில் கறுத்தக்கொழும்பான் பழுக்கும் காலத்தில் ஒரே மாமரத்துக்கு இரண்டு விருந்தாளிகள் வருவார்கள். பகலில் கொண்டைக்குருவி. பொழுதுபட்டால் பழந்தின்னி வௌவால். குருவி பாடினால் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுகிறோம். வௌவால் சிறகடித்தால் தகரத்தைத் தட்டுகிறோம். இந்த ஓரவஞ்சனைக்கு நியாயம் உண்டா?

"வௌவால் வாயாலேயே கழிவை வெளியேற்றும்" என்று உம்மம்மாமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது சரியல்ல. வௌவால் பழத்தை மென்று சாற்றை விழுங்கிவிட்டுச் சக்கையைத் துப்புகிறது. காலையில் முற்றம் கூட்டும்போது கிடைக்கும் நார் உருண்டை அதுதான். கழிவு கழிக்கும் வேளையில் கட்டைவிரல் நகத்தால் கிளையைப் பற்றித் தலையை நிமிர்த்திக்கொள்ளும். தன் உடலை அசுத்தப்படுத்தாது. (மனிதர் சிலருக்கே இந்தக் கவனம் இல்லை!)

குருவியின் நிறை சுமார் 40 கிராம். வௌவால் ஒரு கிலோவையும் தாண்டும். குருவியின் சிறிய வாய்க்குள் சிறு பழங்கள்தான் போகும். உண்ணிச்செடியை வேலிக்கு வேலி பரப்புவதில் அதற்குப் பங்குண்டு. நம் மண்ணுக்குச் சொந்தமான இக்குருவியை ஹவாய், பிஜி போன்ற தீவுகளுக்கு மனிதர் கொண்டுபோனதால், உலகின் மிக மோசமான 100 அந்நிய உயிரினங்களின் பட்டியலிலும் அதன் பெயர் ஏறிவிட்டது. வௌவாலோ இலுப்பை, புன்னை போன்ற பெரிய கொட்டையுள்ள பழங்களைக் கவ்விப் பறந்து தூரத்தில் போடுகிறது. குருவியால் ஆகாத வேலை இது.

குருவி ஒரு தடவைக்கு இரண்டு மூன்று முட்டையிடும். இரண்டு வாரத்துக்குள் குஞ்சு பொரிக்கும். வௌவால் பறவையல்ல, பாலூட்டி. ஐந்து மாதமளவில் சுமந்து ஒரேயொரு குட்டி ஈனும். ஆரம்பத்தில் அதை மார்போடு அணைத்தபடியே பறக்கும். அதனால் ஒரு தாய் வௌவாலைக் கொன்றால் அந்த இழப்பு இலேசில் ஈடாகாது. இழுப்பு நோய்க்கு மருந்தென்று அதன் இறைச்சியைத் தேடுவோரும் உண்டு. அப்படி ஒரு மருந்து கிடையாது. ஷாஃபிஈ மத்ஹபில் அது ஹராமும் ஆகும்.

ஆனால் ஒன்றில் கவனம் தேவை. பழந்தின்னி வௌவாலின் எச்சிலிலும் சிறுநீரிலும் நிபா வைரஸ் இருக்கக்கூடும். 1998-99இல் மலேசியாவிலும் 2018இல் கேரளத்துக் கோழிக்கோட்டுப் பகுதியிலும் அது உயிர்களைப் பறித்தது. கடிபட்ட பழம் எவ்வளவு இனித்தாலும், கடித்த இடத்தை வெட்டிவிட்டுக்கூடப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். நல்ல பழத்தையும் கழுவித் தோல் சீவிக் கொடுங்கள். விழுந்து கிடக்கும் வௌவாலை வெறுங்கையால் தொடக்கூடாது.

மரத்துக்கு வலை போடுவதானால் தொய்வாக வீசாமல் இழுத்துக் கட்டுங்கள். தொய்ந்த வலையில் குருவியும் சிக்கும், வௌவாலும் சிக்கும். எட்டும் கிளைகளில் காய்களுக்குக் கடதாசிப் பை கட்டினாலே போதும்.