இலவசச் சீட்டும் எட்டாத படியும்

சத்திரம் பஸ் நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கம் போகும் சாதாரண டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்குக் காசில்லை. துணைக்கு வருகிற ஒருவருக்கும் காசில்லை. 2021-ல் சர்க்கார் செய்த ஏற்பாடு. நல்லதுதான். ஆனால் அந்தச் சீட்டைப் பெற முதலில் பஸ்ஸுக்குள் ஏறியாக வேண்டுமே! தளம் தரையிலிருந்து ஏறக்குறைய மூன்றடி உயரம். இரண்டு பேர் கக்கத்தில் கைகொடுத்து, மூட்டையைப் போல் ஏற்றுவதைப் பார்த்திருக்கிறேன். சக்கர நாற்காலியைக் கண்டதும் கண்டக்டர் விசில் ஊதிவிடுவதும் உண்டு. நம்பெருமாள் வீதிக்கு எழுந்தருள ஸ்ரீபாதம்தாங்கிகள் தோள் கொடுக்கிற ஊர் இது!

தாழ்தள பஸ் ஒன்றும் ஆகாயப் புஷ்பமல்ல. தளம் 40 சென்டிமீட்டர் உயரம். சாய்பலகையை விரித்தால் நாற்காலி தானே உருண்டு உள்ளே போகும். “நம் ரோட்டுக்கு ஒத்துவராது” என்று கோர்ட்டு வரை போய்ச் சொன்னார்கள். சென்னையில் 2024 முதல் ஓடுகிறதே, அங்கே ரோடு என்ன கண்ணாடியா? சென்னை, கோவை, மதுரைக்கென்று 552 தாழ்தள பஸ்கள் வாங்கத் திட்டமிட்டபோது திருச்சி அந்த ஜாபிதாவில் இல்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டம் மூன்று ஊருக்கு மட்டும் போட்டதா?

ஸ்ரீரங்கம் ரூட்டில் முதலில் பத்து விடட்டும். காவிரிப் பாலத்தைக் காரணம் சொல்ல முடியாது. மாதக்கணக்கில் மூடிவைத்துப் பழுது பார்த்து 2023-ல்தான் திறந்தார்கள்.