பேட்டரிக்கு ஒரு நோட்டுப் புத்தகம்

இன்வெர்ட்டர் பேட்டரியை மூன்றாம் வருடமே "போயிடுச்சு" என்று தூக்கிப் போட்டுப் புதிதாக வாங்குவது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கு இதில் உடன்பாடில்லை. நல்ல டியூபுலர் பேட்டரி, தண்ணீர் பார்த்து வைத்தால், ஐந்து வருடம் உழைக்கும்.

தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். அந்தக் காலத்தில் ஊரெல்லாம் கரண்ட் போனாலும் போன் பேசும். காரணம் பேட்டரி ரூம். இரண்டு வோல்ட் செல்கள் 24 வரிசையாக நிற்கும். அடர்த்தி பார்க்க ஹைட்ரோமீட்டர், எழுதி வைக்க ஒரு ரெஜிஸ்டர். எந்த செல் சோர்ந்து வருகிறது என்று ரெஜிஸ்டரைப் புரட்டினாலே தெரிந்துவிடும்.

வீட்டில் இருப்பதும் அதே ஜாதிதான். 1859-ல் பிரான்சில் கேஸ்டன் பிளான்டே கண்டுபிடித்த ஈய பேட்டரியின் பேரப்பிள்ளை. ஆறு செல் சேர்ந்து 12 வோல்ட். சார்ஜ் ஏறும்போது தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து போகும். கோடையில் இன்னும் வேகமாகக் குறையும். ஈயத் தகடு வெளியே தெரியும் அளவுக்கு வற்றவிட்டால் அந்தத் தகடு பழையபடி ஆகாது.

போன மாதம் எங்கள் தெருவில் தனியாக இருக்கும் ஒரு அம்மாவிடம் கடையிலிருந்து வந்த பையன், மீட்டரை இரண்டு நிமிஷம் வைத்துவிட்டு, "மாத்திடுங்கம்மா" என்று சொல்லிவிட்டான். நான் போய்ப் பார்த்தேன். டெர்மினலில் பச்சையாக உப்புப் பூத்து, நட் தளர்ந்து கிடந்தது. இன்வெர்ட்டரையும் மெயினையும் அணைத்து, சோடா உப்பு கரைத்த வெந்நீரில் துணியை நனைத்துத் துடைத்து, நட்டை இறுக்கி, வாசலின் தடவினோம். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி இரவு முழுக்க சார்ஜ் போட்டோம். இன்று வரை ஓடுகிறது. பென்ஷனில் பல ஆயிரம் மிச்சம்.

கடைக்காரர் சொல்வதெல்லாம் பொய் என்று சொல்ல வரவில்லை. முழு சார்ஜ் ஆன டியூபுலர் பேட்டரியில் அடர்த்தி 1.240 பக்கத்தில் இருக்க வேண்டும். ஆறு செல்லையும் தனித்தனியாகப் பாருங்கள். ஐந்து 1.230 காட்டி, ஒன்று மட்டும் 1.150-ல் நின்றால் அந்த செல் போய்விட்டது, மாற்றத்தான் வேண்டும். ஆனால் ஹைட்ரோமீட்டர் வைக்காமல் "மாத்துங்க" என்றால், "ஒவ்வொரு செல்லா பார்த்துச் சொல்லுப்பா" என்று கேளுங்கள். கேட்க நமக்கு உரிமை உண்டு.

2012-ல் பல ஊர்களில் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இருக்காது. அப்போது தினமும் பேட்டரி நினைவு வந்தது. இப்போது கரண்ட் போவது குறைவு, பேட்டரி மாடிப்படிக்கு அடியில் மறந்து கிடக்கிறது. என்றோ ஒரு நாள் புயல் ராத்திரியில் கரண்ட் போகும். பாத்ரூம் போக எழுந்தால் விளக்கு எரியாது. நம் வயதில் இருட்டில் ஒரு தடவை விழுந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். ஆகவே மாதம் ஒரு தடவை, பகலில், மெயினை அணைத்து அரை மணி நேரம் ஃபேனை இன்வெர்ட்டரில் ஓட விடுங்கள். அதன் பலம் தெரிந்துவிடும்.

தண்ணீரை மிதவைக் குறி வரைக்கும் மட்டும் ஊற்றுங்கள். ஆர்ஓ தண்ணீர் வேண்டாம், ஆசிட் கூடவே கூடாது. காற்றோட்டம் இருக்கட்டும், பக்கத்தில் விளக்கு, ஊதுபத்தி ஏற்றாதீர்கள், ஹைட்ரஜன் பற்றிக்கொள்ளும். குனிய முடியாதவர்கள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து செய்யச் சொல்லுங்கள். உண்மையிலேயே ஆயுள் முடிந்த பேட்டரியைத் தெருவில் வரும் பழைய சாமான்காரரிடம் போடாமல் கடையிலேயே எக்ஸ்சேஞ்சில் கொடுங்கள். கண்ட இடத்தில் உடைத்து உருக்கினால் அந்த ஈயம் மண்ணில் கலந்து குழந்தைகள் உடம்பில் சேரும்.

பேரப்பிள்ளையின் பழைய நோட்டு ஒன்றை எடுத்து, வாங்கிய தேதி, தண்ணீர் ஊற்றிய தேதி, அடர்த்தி என்று எழுதி பேட்டரிக்குப் பக்கத்துச் சுவரில் கட்டித் தொங்கவிடுங்கள். இரண்டு ரூபாய் பேனா மைதான் செலவு.