சாமி வண்டி இழுத்த டிராக்டருக்கு எந்த ஏர் ஃபில்டர்?

“மாசி மகத்துக்கு எங்கள் ஊர் சாமியை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு, புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரைத் தீர்த்தவாரிக்குப் போய் வந்தோம். அதிலிருந்து டிராக்டர் கரும்புகை தள்ளுகிறது, இழுவையும் இல்லை. கடற்கரை மணல் உள்ளே போயிருக்குமா? கம்பெனி ஏர் ஃபில்டருக்குப் பதில், பாதி விலையில் கிடைக்கும் வெளி ஃபில்டரைப் போடலாமா?”
– மயிலம் பகுதி வாசகர்.

மயிலம் முருகன், தீவனூர் பிள்ளையார் என்று விழுப்புரம் மாவட்டத்துச் சாமிகள் பலரும் மாசி மகத்தன்று வைத்திக்குப்பத்தில் கூடுகிறார்கள். அது சம்பா அறுவடையும் களத்து வேலையும் நடந்து ஓய்கிற நேரம். வைக்கோல் தூசியும் வண்டிப்பாதைப் புழுதியும் அதற்கு முன்பே ஃபில்டரை அடைத்திருக்கும். பழி மட்டும் கடற்கரைக்கு. கடல் மணல் கனமானது. கிளம்பினாலும் சீக்கிரம் கீழே விழுந்துவிடும். எஞ்சினைத் தின்பது மாவு போன்ற நுண்தூசிதான். உப்புக்காற்று ஃபில்டர் கூட்டின் தகரத்தைத் துருப்பிடிக்க வைக்கும் என்பதால், கடற்கரை போய் வந்தால் அதையும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

இரண்டரை லிட்டர் கொள்ளளவுள்ள டீசல் எஞ்சின் 2,000 சுற்றில் ஓடினால், மணிக்கு ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் காற்றை இழுக்கும். ஃபில்டர் அடைத்தால் அந்தக் காற்று குறையும், டீசல் முழுதாக எரியாது, கரும்புகை வரும். நல்ல ஃபில்டர் போட்ட பிறகும் புகை அடங்கவில்லை என்றால், இன்ஜெக்டரையும் டீசல் பம்பையும் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

வெளி ஃபில்டர் போடலாமா என்றால், போடலாம். ஆனால், பார்க்க வேண்டியது காகிதத்தை மட்டுமல்ல, ஓரத்து ரப்பரை. பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து உயரம், உள்வட்டம், வெளிவட்டம், ரப்பரின் தடிமன் எல்லாம் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். உயரம் கொஞ்சம் குறைந்தாலும் மூடி இறுகும், ரப்பர் அழுந்தாது. அந்த இடுக்கு வழியாகத் தூசி நேராக எஞ்சினுக்குப் போகும். அடைத்த ஃபில்டராவது புகை காட்டி எச்சரிக்கும். கசியும் ஃபில்டரோ எதையும் காட்டாது. காற்று தாராளமாகப் போவதால் இழுவை நன்றாக இருப்பதுபோலவே தோன்றும். தூசியில் உள்ள சிலிகா, லைனர் இரும்பைவிடக் கடினமானது. ரிங்குக்கும் லைனருக்கும் நடுவில் அது அரைத்து, பிரீதரில் புகை வந்து, எஞ்சின் ஆயில் குறையத் தொடங்கும்போது காலம் கடந்திருக்கும். ஃபில்டரில் மிச்சமாவது சில நூறு ரூபாய். ரிங், லைனர் மாற்றும் செலவு ஆயிரங்களில்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வெள்ளைத் துணி போதும். புது ஃபில்டர் போட்டுப் புழுதியில் பத்து மணி நேரம் ஓட்டிய பிறகு, எஞ்சினை நிறுத்தி ஃபில்டரைக் கழற்றி, எஞ்சினுக்குப் போகும் குழாயின் உள்பக்கத்தைத் துடைக்க வேண்டும். துணியில் மண் ஒட்டினால் அந்த ஃபில்டர் உதவாது. அல்லது ஹோஸ் கிளிப் தளர்ந்திருக்கிறது, இல்லையேல் ரப்பர் ஹோஸ் வெடித்திருக்கிறது. காகிதத்தில் ஓட்டை இருக்கிறதா என்று அறிய, இருட்டறையில் ஃபில்டருக்குள் டார்ச் அடித்தால் தெரிந்துவிடும்.

ஃபில்டரைத் தரையில் தட்டுவது பலருக்கும் பழக்கம். மடிப்பு கிழிவதும் ரப்பர் நெளிவதும் அதனால்தான். கம்ப்ரெஸர் காற்றைக் குறைந்த அழுத்தத்தில் உள்ளிருந்து வெளியே மட்டும் அடிக்கலாம். உள்ளே சின்ன ஃபில்டர் ஒன்று இருந்தால் அதைச் சுத்தம் செய்யக் கூடாது. கம்பெனி சொன்ன கெடுவில் புதிதாக மாற்ற வேண்டும்.

ஜீப்புகளில் இளைஞர்கள் மாட்டுகிற, எண்ணெய் தடவிய பஞ்சு ஃபில்டர் புழுதி வயலுக்கு ஆகாது. பம்ப் தள்ளும் டீசல் கூடாமல், அதிகக் காற்றால் மட்டும் இழுவை கூடிவிடாது.

பழைய டிராக்டர்களில் உள்ள ஆயில் பாத் வகைக்குக் காகித ஃபில்டரே கிடையாது. தொட்டியில் எண்ணெயைக் குறியளவுக்கு ஊற்றி, சேறுபோல் கெட்டியானதும் மாற்றினால் போதும். குறிக்கு மேல் ஊற்றினால், எஞ்சின் அந்த எண்ணெயையே உறிஞ்சி எரிக்கும். ஆக்சிலேட்டரைக் குறைத்தாலும் வேகம் அடங்காமல் ஏறும் ஆபத்தும் உண்டு.

வாரன்டி முடியாத டிராக்டர் என்றால், வெளி ஃபில்டர் வாங்கும் முன் டீலரிடம் கேட்டுக்கொள்ளவும். எதை வாங்கினாலும் பில் வாங்கி, போட்ட தேதியையும் மணி மீட்டர் அளவையும் அதன் பின்னால் எழுதி வைக்கவும்.