இணையதளத்தின் சாவி யாரிடம்?

சிறு வியாபாரிகள் கவனிக்க வேண்டிய விஷயம்

மீன் விலை நிலையாக நிற்காது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று! புதுக்கோட்டை மாவட்டம் கோட்டைப்பட்டினத்தில் இதைச் சின்னப் பிள்ளையும் சொல்லும்.

விசைப்படகுகள் எல்லா நாளும் கடலுக்குப் போவதில்லை. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள் மீன்பிடி தடைக்காலம். அப்போது விசைப்படகுகள் கரையில் நிற்கும். பச்சை மீன் வரத்து குறையும். கருவாட்டைத் தேடுவார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு கருவாட்டுக் கடைக்காரர் இணையதளம் தொடங்கினால், அது எப்படி இருக்க வேண்டும்? வியாபாரம் மாறுவதுபோல் அதுவும் அன்றாடம் மாற வேண்டும்.

எழுதும் பலகை

முன்பெல்லாம் இணையதளம் அமைக்கக் கம்ப்யூட்டர் மொழி தெரிந்த ஆள் வேண்டும். விலையில் ஒரு ரூபாயை மாற்றவும் அவரைத்தான் தேட வேண்டும். நெத்திலிக் கருவாடு தீர்ந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். இணையதளத்திலோ, "இருப்பு உண்டு" என்றே இருக்கும்!

இந்தத் தொல்லையைத் தீர்க்க வந்ததுதான் 'உள்ளடக்க மேலாண்மை' மென்பொருள். பெயர் பெரிது, வேலை எளிது. கடை வாசலில் தொங்கும் கரும்பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். பலகையைச் செய்து தருபவர் தச்சர். அதில் தினமும் விலை எழுதுபவர் கடைக்காரர். அதே கதைதான் இங்கும். செல்போனில் செய்தி தட்டத் தெரிந்தவர், கொஞ்சம் பழகினால் விலையை மாற்றலாம். புதுப் படம் போடலாம்.

இவற்றில் பெரியது 'வேர்டுபிரஸ்'. அமெரிக்காவின் மேட் முல்லன்வெக், இங்கிலாந்தின் மைக் லிட்டில் ஆகிய இருவரும் 2003-ல் இதைத் தொடங்கினார்கள். மென்பொருளுக்கு விலை கிடையாது. தமிழிலும் வேலை செய்யும். உலகில் உள்ள இணையதளங்களில் ஏறத்தாழ பத்தில் நான்கு இதில்தான் ஓடுகின்றன. 'ஜூம்லா', 'துருபால்' என்று வேறு சிலவும் உண்டு.

வாட்ஸ்அப் போதாதா?

"வாட்ஸ்அப் இருக்கிறதே! இது எதற்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். தெருவில் கூடை மீன் விற்பவருக்கு இணையதளம் தேவையில்லை. உள்ளூர் வாடிக்கைக்கு வாட்ஸ்அப் போதும்.

ஆனால் சென்னைக்கும் கோவைக்கும் கருவாடு அனுப்புகிறவர் யோசிக்க வேண்டும். 2020 ஜூன் 29-ந் தேதி மத்திய அரசு 'டிக்டாக்' செயலியைத் தடை செய்தது. அதை நம்பிச் சரக்கு விற்றவர்கள் சேர்த்த கூட்டம் கலைந்துபோனது. 2021 அக்டோபர் 4-ந் தேதி பேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் 6 மணி நேரம் உலகெங்கும் முடங்கின.

அடுத்தவர் திண்ணையில் கடை போடலாம், தவறில்லை. ஆனால் திண்ணைக்காரர் கதவைச் சாத்தினால் போக ஓர் இடம் வேண்டாமா?

பட்டா யார் பெயரில்?

சொந்த இணையதளம் வைத்தால் மட்டும் போதாது. அது உண்மையிலேயே சொந்தமா என்று பார்க்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

இணையதளத்துக்கு ஒரு பெயர் வேண்டும். இதை 'டொமைன்' என்பார்கள். அதைப் பதிவு செய்து, குறித்த காலத்தில் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். கெடு தப்பினால் வேறு யாரும் அந்தப் பெயரை வாங்கிக்கொள்ளலாம். இணையதளம் குடியிருக்கும் இடத்துக்கும் வாடகை உண்டு.

இந்தப் பதிவு, அமைத்துக் கொடுத்தவரின் பெயரில் இருந்தால்? நிலம் வாங்கப் பணம் கொடுத்துவிட்டு, பட்டாவைத் தரகர் பெயரில் எழுதிய கதைதான்! இருவருக்கும் மனக்கசப்பு வந்தால், கடைக்காரர் தம் கடைக்குள்ளேயே நுழைய முடியாது.

ஆகவே, கூலி கொடுக்கும் முன் மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்க வேண்டும்.

முதலாவது, டொமைன் பதிவு கடைக்காரர் பெயரில், அவருடைய செல்போன் எண்ணில், அவருடைய ஈ-மெயில் முகவரியில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, எல்லாப் பாஸ்வேர்டுகளும் வீட்டில் பத்திரமாக இருக்க வேண்டும். படித்த பிள்ளை இணையதளத்தை அமைத்துக் கொடுத்தாலும் இதே விதிதான். பிள்ளை வெளியூர் வேலைக்குப் போகும்போது பாஸ்வேர்டும் கூடவே போய்விடக் கூடாது.

மூன்றாவது, மென்பொருளை அவ்வப்போது புதுப்பிக்கவும், தளத்துக்கு நகல் எடுத்து வைக்கவும் கற்றுக்கொள்ள வேண்டும். பழைய மென்பொருள், தாழ்ப்பாள் கழன்ற கதவு. திருடனுக்கு அது போதும்.

இதைக் கற்றுத்தர மறுக்கும் ஆளிடம் வேலையைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

கடையைப் பூட்டி விட்டுச் சாவியைத் தச்சரிடம் கொடுத்துவிட்டு வருகிறவர் உண்டா? இணையதளமும் கடைதான். அதன் சாவி உரிமையாளர் மடியில் இருக்க வேண்டும்!