பேரரசி கியிடம் மட்டும் கேட்கப்படும் கேள்வி

பேரரசி கி பற்றிப் பேச்செடுத்தால் இரண்டாவது நிமிடத்தில் அந்தக் கேள்வி வந்துவிடும். “ஆனா அவங்க சொந்த நாட்டுமேலேயே படை அனுப்பினவங்கதானே?” ஆமாம், அனுப்பினார். அதை மறைக்கும் உத்தேசம் எனக்கில்லை. ஆனால் இந்தக் கேள்வியை அவரிடம் மட்டும் ஏன் கேட்கிறோம் என்பதுதான் என் பிரச்சினை.

நம்மில் பலருக்கு அவர் 2013இல் தொடங்கிய எம்பிசி தொலைக்காட்சித் தொடர் வழியாக அறிமுகமானவர். 51 அத்தியாயங்கள், ஹா ஜி-வொன், வில், குதிரை, கண்ணீர். அதைப் பார்த்துவிட்டு ஒரு கூட்டம் அவரைப் புரட்சிப் பெண் என்கிறது. இன்னொரு கூட்டம் நாலு பக்கம் வரலாறு வாசித்துவிட்டுத் துரோகி என்கிறது. இரண்டும் சோம்பேறித்தனம்தான். இரண்டாவது கொஞ்சம் ஆபத்தான சோம்பேறித்தனம்.

முதலில் அவர் எப்படிப் போனார் என்று பார்ப்போம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொரியாவின் கொர்யோ அரசு மங்கோலியர்களின் யுவான் பேரரசுக்கு அடங்கிப்போனது. பொன், ஜின்செங் வேர், வேட்டைக்குப் பழக்கிய வல்லூறு எல்லாம் கப்பமாகப் போயின. அந்த வரிசையில் பெண்களும் போனார்கள். அவர்களுக்கு ‘கொங்ன்யொ’ என்று பெயர், அதாவது காணிக்கைப் பெண்கள். 1274இல் யுவான் அரசு, தன்னிடம் சரணடைந்த தென் சீனப் படைவீரர்களுக்கு மனைவியாக்க 140 பெண்களைக் கேட்டது. கொர்யோ அரசு என்ன செய்தது தெரியுமா? பெண்களைத் திரட்ட ஒரு தனி அலுவலகமே திறந்தது. அதற்கு வைத்த பெயர், தமிழில் சொன்னால், ‘திருமணத் துறை’. அந்தப் பெயரைக் கொஞ்சம் வாயில் சொல்லிப் பாருங்கள். ஏதோ ஒரு அதிகாரி உட்கார்ந்து, ‘ஆள்பிடிப்புத் துறை’ன்னா நல்லா இருக்காதுன்னு யோசித்து, மங்களகரமாக ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

1335இல் யி கோக் என்ற கொர்யோ அறிஞர் இதை நிறுத்தும்படி யுவான் பேரரசருக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். பெண் பிறந்தால் ஊரார் அதை மறைத்து வைக்கிறார்கள், பக்கத்து வீட்டுக்காரர்கூடக் குழந்தையைப் பார்க்க முடிவதில்லை என்கிறார். வீரர்கள் வீடு வீடாகத் தேடுகிறார்கள். ஒளித்தது தெரிந்தால் உறவினரைக் கட்டிவைத்து அடிக்கிறார்கள், அண்டை வீட்டாரையும் விடுவதில்லை. ஒவ்வொரு தடவையும் 40, 50 பெண்கள் வரை போகிறார்கள். அனுப்பும் நாளில் சிலர் கிணற்றில் குதிக்கிறார்கள், சிலர் தூக்குப் போட்டுக்கொள்கிறார்கள். இப்படி வீட்டுக் கதவைத் தட்டியவர்கள் மங்கோலியர்கள் மட்டுமில்லை. கொர்யோ மன்னரின் நிர்வாகமும்தான் தட்டியது.

இந்த வழியாகப் போனவர்தான் கி. ஹேங்ஜு பகுதியைச் சேர்ந்த கி ஜா-ஓ என்ற அதிகாரியின் மகள். யுவான் தலைநகரான தாதுவில், அதாவது இன்றைய பெய்ஜிங்கில், தேநீர் பரிமாறும் வேலை. அங்கே ஏற்கெனவே செல்வாக்காக இருந்த கொர்யோ அரண்மனை ஊழியர் கோ யொங்-போ சேர்த்துவிட்ட வேலை அது. பேரரசர் தோகோன் தெமூருக்கு அவரைப் பிடித்துப்போனது. பட்டத்தரசி தானாஷிரி அவரைச் சாட்டையால் அடித்தார். 1335இல் தானாஷிரியின் சகோதரர்கள் கலகம் செய்து தோற்க, அவரும் கொல்லப்பட்டார். அமைச்சர் பாயான் கியின் உயர்வைத் தடுத்து வைத்திருந்தார். 1340இல் பாயான் வீழ்ந்ததும் கி இரண்டாம் பேரரசி ஆனார். மகன் ஆயுஷிரிதாரா 1353இல் பட்டத்து இளவரசர்.

இப்போது ‘நாட்டுப்பற்று’க்கு வருவோம். கொர்யோவின் இளவரசர்கள் தலைமுறை தலைமுறையாகத் தாதுவில் வளர்ந்தார்கள், மங்கோலிய இளவரசிகளைக் கட்டிக்கொண்டார்கள், யுவானின் சம்மதத்தோடு வந்து அரியணையில் உட்கார்ந்தார்கள். மங்கோலியரை எதிர்த்தவர் என்று கொண்டாடப்படும் மன்னர் கொங்மினும் அப்படித்தான் 1351இல் அரசரானார். அரசர்கள் யுவானின் மாப்பிள்ளையானால் அது ராஜதந்திரம். அதே வீட்டுக்குக் காணிக்கையாக அனுப்பப்பட்ட பெண் அங்கேயே பிழைத்து மேலே வந்தால், “நாட்டை மறந்துட்டா”. எந்த நாடு? மூட்டை கட்டி அனுப்பியதே அந்த நாடுதானே?

நான் வேலை பார்க்கும் மென்பொருள் துறையில் ‘கிட் பிளேம்’ என்று ஒரு கட்டளை உண்டு. ஒரு வரியைக் கடைசியாகத் தொட்டது யார் என்று காட்டும். அதை அப்படித்தான் எழுதணும் என்று மீட்டிங்கில் முடிவு செய்த மேலாளரின் பெயர் அதில் வரவே வராது. கொர்யோ விவகாரத்தில் நாம் கியின் பெயரைக் கண்டுபிடிப்பதும் இந்த லட்சணத்தில்தான் இருக்கிறது.

1356இல் கொங்மின், கியின் அண்ணன் கி சொல்லையும் கூட்டாளிகளையும் அரண்மனை விருந்துக்கு என்று வரவழைத்துக் கொன்றார். கி சொல் ஒன்றும் உத்தமர் இல்லை. தங்கையின் செல்வாக்கில் ஆடியவர், பிறர் நிலத்தை வளைத்தவர். ஆனாலும் விருந்துக்குக் கூப்பிட்டுக் கொல்வது எந்தக் கணக்கில் தேசபக்தி என்று கேட்கலாம் இல்லையா? பிறகுதான் அந்தப் படை. கொங்மினை இறக்கிவிட்டு வேறொருவரை அரசராக்க, 1364இல் 10,000 பேர் யாலு நதியைக் கடந்தார்கள். தோற்றார்கள். 17 குதிரைவீரர்களே திரும்பி வந்ததாகவும் பேரரசி வெட்கிப்போனதாகவும் யுவான் வரலாற்று நூல் சொல்கிறது. அது ஒரு பழிவாங்கல். அதற்காகச் செத்தவர்கள் இரண்டு பக்கமும் சாதாரண ஆட்கள். நியாயப்படுத்த என்னிடம் வாதம் கிடையாது. மன்னர்கள் செய்தபோது நாம் போடும் அதே தராசில் இதையும் போடுங்கள் என்பது மட்டும்தான் கோரிக்கை.

தீர்ப்பு எழுதியவர்கள் யார் என்பதையும் கவனியுங்கள். ‘கொர்யோ வரலாறு’ 1451இல், அடுத்து வந்த ஜோசொன் அரசவையில் முடிக்கப்பட்டது. அதில் கி சொல் துரோகிகள் பகுதியில் இருக்கிறார். ஜோசொனைத் தோற்றுவித்த யி சொங்-க்யே யார்? 1364இல் கி அனுப்பிய படையோடு மோதிய தளபதிகளில் ஒருவர். எதிர்க்கட்சி வக்கீல் எழுதிய தீர்ப்பை நாம் சாட்சியம் என்று வாசித்துக்கொண்டிருக்கிறோம்.

சரி, புரட்சிப் பெண் கூட்டத்துக்கு வருகிறேன். தொடரில் தேச்சொங் தீவில் தொடங்கும் காதல் இருக்கிறதே, அங்கே நாடுகடத்தப்பட்ட 1330இல் தோகோன் தெமூருக்கு வயது பத்து. இன்னொரு நாயகனாக வரும் வாங் யூ கற்பனைப் பாத்திரம். முதலில் அந்த இடத்தில் நிஜ மன்னர் சுங்ஹ்யேவைத்தான் வைத்திருந்தார்கள். தன் தந்தையின் விதவையையே வன்புணர்ந்தவர் என்று பதிவாகியிருக்கும் ஆள். அவரைக் காதல் நாயகனாக்கியதற்கு எதிர்ப்பு வந்தபின், ஒளிபரப்புக்கு முன்னால் பெயரை மாற்றினார்கள்.

ஆனால் இந்தக் கூட்டத்தால் விழுங்கவே முடியாத செய்தி வேறு. கி தன்னிடம் கொர்யோப் பெண்கள் பலரை வைத்திருந்தார். அவர்களைச் செல்வாக்குள்ள அமைச்சர்களுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். வீட்டில் கொர்யோப் பெண் இருந்தால்தான் பெரிய மனிதர் என்று தாதுவின் மேட்டுக்குடி நினைக்கும் அளவுக்கு அது போனது. கொர்யோ உடைகள்கூட அங்கே நாகரிகமாயின. இதை ‘கொரிய அலையின் முன்னோடி’ என்று சிலாகிப்பவர்கள் உண்டு. அந்த அலையில் பரிசுப்பொருளாகக் கைமாறியவர்கள், அவர் ஒருகாலத்தில் வந்த அதே பாதையில் வந்த பெண்கள். பாதை எப்படிப்பட்டது என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த அரண்மனையில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? என் கோபம் அந்த இடத்தில்தான். 1364இன் படையைவிட எனக்கு இது பெரிய குற்றமாகப் படுகிறது. துரோகி என்பவர்கள் இதைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்வதில்லை. இதில் நாட்டின் மானம் எதுவும் போகவில்லையே, பெண்கள்தானே போனார்கள்.

அதே மனுஷிதான் 1358இல் தாதுவில் பஞ்சம் வந்தபோது கஞ்சி ஊற்றச் சொன்னார். தன் கருவூலத்திலிருந்து பொன்னும் தானியமும் கொடுத்து, பாக் புல்ஹ்வா என்ற கொர்யோ ஊழியரை வைத்து, நகரின் பதினொரு வாயில்களுக்கு வெளியே இடம் எடுத்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகளை அடக்கம் செய்ய வைத்தார். இரண்டையும் செய்தவர் ஒரே ஆள்.

1365இல் அவர் முதல் பேரரசி ஆனார். மூன்றே வருடத்தில் மிங் படை தாதுவுக்கு வந்துவிட்டது, குடும்பத்தோடு வடக்கே ஓடினார். தொடரில் அவருக்கு சுங்-ன்யாங் என்று பெயர். அது தொடருக்காக வைத்தது. ‘கி’ என்பது அப்பா வீட்டுக் குலப்பெயர். ‘ஒல்ஜெய் குதுக்’ மங்கோலியர்கள் வைத்தது. வீட்டில் அவரை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பது இரண்டு நாட்டு வரலாறுகளிலும் இல்லை.