ஏஞ்சல் மீன் முட்டையைத் தின்றால் புது ஜோடி வாங்க வேண்டுமா?

கேள்வி: ‘‘மகளிர் குழுவில் கடன் வாங்கி, வீட்டுத் திண்ணையில் நான்கு தொட்டிகள் வைத்து வண்ணமீன் வளர்க்கிறோம். கப்பி, மோலி நன்றாகப் பெருகுகின்றன. கடையில் ‘ஜோடி’ என்று சொல்லிக் கொடுத்த இரண்டு ஏஞ்சல் மீன்களையும் மோலி இருக்கும் தொட்டியில்தான் விட்டிருக்கிறோம். நான்கு முறை முட்டையிட்டும் ஒரு குஞ்சுகூட மிஞ்சவில்லை. இரண்டே நாளில் முட்டைகளைத் தின்றுவிடுகின்றன. ஊற்றுவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். இவற்றை விற்றுவிட்டு வேறு ஜோடி வாங்கலாமா?’’

- வாசகி, திருவள்ளூர் மாவட்டம்.

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். நான்கு முறை முட்டை வந்திருக்கிறது என்றால், மீன்கள் பருவத்துக்கு வந்துவிட்டன. தீவனமும் ஓரளவு சரியாகவே இருக்கிறது. குறை எங்கே என்று தெரியாமல் புது ஜோடியை அதே தொட்டியில், அதே தண்ணீரில் விட்டால் கடன்தான் கூடும். விதை முளைக்காவிட்டால் மண்ணைக் கிளறி, விதை அழுகியதா, எறும்பு தின்றதா என்று பார்ப்பதுபோல, இங்கே முட்டையின் நிறத்தைப் பார்க்க வேண்டும்.

கப்பி வேறு, ஏஞ்சல் வேறு

கப்பியும் மோலியும் குட்டி போடும் மீன்கள். ஏஞ்சல், தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் பகுதியைச் சேர்ந்தது. முட்டையிடும் ‘சிக்லிட்’ குடும்பத்து மீன். நம் ஏரி, குளங்களில் பிடிபடும் ஜிலேபி மீனும் இதே குடும்பம்தான். பெண் ஜிலேபி முட்டைகளை வாயில் வைத்துக் காக்கும். ஏஞ்சல், நிமிர்ந்து நிற்கும் இலை, கல், குழாய் போன்றவற்றில் முட்டைகளை வரிசையாக ஒட்டவைத்து, ஆணும் பெண்ணும் மாறி மாறித் துடுப்பால் விசிறிக் காவல் காக்கும்.

கெட்டுப்போன முட்டைகளைத் தாய் மீனே வாயால் பொறுக்கி எடுத்துவிடும். பொரித்த குஞ்சுகளை வாயில் கவ்வி வேறு இடத்தில் ஒட்டவைப்பதும் உண்டு. இதைப் பார்த்து ‘தின்கிறது’ என்று பலர் தவறாக நினைத்துவிடுகிறார்கள்.

நிறம் காட்டும் குறை

அடுத்த முறை முட்டையிட்டதும் தேதி, நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காலை, மாலை இரண்டு வேளையும் முட்டைகளைக் கவனியுங்கள்.

ஒரு நாளுக்குள் எல்லா முட்டைகளும் பால் வெள்ளையாக மாறினால், அவை கருக்கூடவில்லை. கருக்கூடாத முட்டையை மீன் தின்பது குற்றமல்ல; தொட்டியைச் சுத்தம் செய்கிறது என்றுதான் கொள்ள வேண்டும்.

முட்டைகள் கண்ணாடிபோலத் தெளிவாக, லேசான தேன் நிறத்தில் இருந்து, இரண்டாம் நாள் உள்ளே கரும்புள்ளி தெரிந்த பிறகு காணாமல் போனால், முட்டையில் குறை இல்லை. மீன்கள் பயந்திருக்கலாம், அல்லது உடன் இருக்கும் மோலி தின்றிருக்கலாம்.

முட்டை வெளுத்தால்...

முதல் சந்தேகம், இரண்டும் பெண்ணாக இருக்கலாம். ஆண் இல்லாத தொட்டியில் இரண்டு பெண் ஏஞ்சல்கள் ஜோடி சேர்ந்து முட்டையிடுவது உண்டு. ஏஞ்சலில் ஆண், பெண் வித்தியாசம் வெளித்தோற்றத்தில் எளிதில் தெரியாது. முட்டையிடும் நேரத்தில் அடிவயிற்றுக்குக் கீழே சிறு குழாய்போல நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்க வேண்டும். பெண்ணுக்கு அது தடித்து, முனை மழுங்கி இருக்கும். ஆணுக்கு மெலிந்து கூராக இருக்கும். இரண்டுமே முட்டையிடுவதைப் பார்த்துவிட்டால் சந்தேகமே வேண்டாம்.

இரண்டாவது சந்தேகம் தண்ணீர். ஏஞ்சல், மென்மையான தண்ணீரில் பிறந்த இனம். கடினத்தன்மை மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரில் மீன் உயிர் வாழும், முட்டையும் இடும். ஆனால், கருக்கூடுவது குறையும். சுத்தமான கூரையில் முதல் மழை கழிந்த பிறகு பிடித்த மழைநீரையோ, ஆர்.ஓ. தண்ணீரையோ கலந்து பயன்படுத்தலாம். ஒரேயடியாக மாற்றக் கூடாது. வாரம் ஒருமுறை தொட்டி நீரில் கால் பங்கை எடுத்துவிட்டு, அந்த அளவுக்கு இதை ஊற்றி, சிறிது சிறிதாகப் பாதிக்குப் பாதி என்ற நிலைக்குக் கொண்டுவர வேண்டும். கார, அமில நிலை 6.5 முதல் 7 வரையும், வெப்பநிலை 27 முதல் 29 டிகிரி செல்சியஸ் வரையும் இருப்பது நல்லது.

தெளிந்த முட்டை காணாமல் போனால்...

முதல் வேலை, மோலியை வேறு தொட்டிக்கு மாற்றுவது. ஒரு ஜோடி ஏஞ்சலுக்கு 2 அடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தனித்தொட்டி போதும். சுமார் 100 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். திண்ணையில் ஆள் நடமாட்டம் உள்ள பக்கத்தைச் சாக்காலோ காகிதத்தாலோ மறைத்துவிடுங்கள். இரவில் விளக்கைத் திடீரென்று போடுவதும் அணைப்பதும் கூடாது. தண்ணீரைச் சுழற்றியடிக்கும் வடிகட்டிக்குப் பதில், ஸ்பாஞ்ச் வடிகட்டி போதுமானது.

நெடுக்காகப் பிளந்த பிவிசி குழாயையோ டைல்ஸ் துண்டையோ சற்றுச் சாய்த்து நிறுத்திவையுங்கள். முட்டையிடுவதற்கு ஓரிரு நாள் முன்பே மீன்கள் அந்த இடத்தை வாயால் கொத்திச் சுத்தம் செய்யும். புதிதாக ஜோடி சேர்ந்த மீன்கள் முதல் சில முறை முட்டையைத் தின்பது வழக்கம். அதற்காக ஜோடியைப் பிரிக்கக் கூடாது.

தனியே பொரிக்கவைக்கும் முறை

தொந்தரவுகளை நீக்கிய பிறகும் தின்றால், முட்டையிட்ட சில மணி நேரத்தில் குழாயோடு எடுத்து, 15 லிட்டர் அளவுள்ள சிறுதொட்டியில் வைக்கலாம். தாய்த்தொட்டித் தண்ணீரையே அதில் நிரப்ப வேண்டும். காற்றுக்கல்லின் குமிழிகள் முட்டைகளுக்கு அருகில் எழ வேண்டும். நேரடியாக மோதக் கூடாது. தண்ணீர் இளநீலமாகும் அளவுக்குச் சில சொட்டு மெத்திலீன் புளூ விட்டால், பூஞ்சணம் பரவாது. வெளுத்த முட்டைகளை இங்க் ஃபில்லரால் உறிஞ்சி எடுத்துவிடலாம்.

28 டிகிரியில் இரண்டு, மூன்று நாள்களில் முட்டை பொரியும். பிறகு நான்கைந்து நாள்கள் குஞ்சுகள் ஒட்டிய இடத்திலேயே வாலை ஆட்டிக்கொண்டிருக்கும். வயிற்றில் உள்ள மஞ்சள் கருவே அப்போது உணவு. எதையும் போடக் கூடாது. நீந்தத் தொடங்கிய அன்றே தீவனம் தேவை. தூள் தீவனத்தை மட்டும் நம்பினால் பெரும்பாலான குஞ்சுகள் செத்துவிடும். மிச்சத் தூள் தண்ணீரையும் கெடுக்கும்.

முதல் இரண்டு வாரங்களுக்கு, அன்றன்று பொரித்த ஆர்டீமியா குஞ்சுகள்தான் நம்பகமான உணவு. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் அயோடின் சேர்க்காத உப்பு கலந்து, ஆர்டீமியா முட்டையைப் போட்டு, காற்று விட்டு, வெளிச்சத்தில் வைத்தால் 24 முதல் 36 மணி நேரத்தில் பொரிந்துவிடும். மெல்லிய துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசிவிட்டு, சிறிது சிறிதாக ஒரு நாளைக்கு மூன்று, நான்கு வேளை கொடுக்கலாம். மீந்த உணவைத் தினமும் உறிஞ்சி எடுத்து, கொஞ்சம் தண்ணீர் மாற்றுவது அவசியம்.

ஜோடியை மீன்களே தேடிக்கொள்ளட்டும்

இரண்டும் பெண் என்று தெரிந்தாலும் விலை உயர்ந்த ‘ரெடி ஜோடி’யைத் தேடி அலைய வேண்டாம். ஏஞ்சல், துணையைத் தானே தேர்ந்தெடுக்கும் மீன். வெவ்வேறு இடங்களில் வாங்கிய 6 முதல் 8 இளம் மீன்களைப் பெரிய தொட்டியில் ஒன்றாக வளர்த்தால், 8 முதல் 12 மாதங்களில் ஜோடி சேரும். இரண்டு மீன்கள் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விரட்டினால், அவற்றைத் தனித்தொட்டிக்கு மாற்ற வேண்டும்.

கடனைக் கூட்டும் முன்...

ஒரு முறைக்கு 200 முட்டைகளுக்கு மேல்கூட வரும் என்பதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். விற்கும் அளவுக்கு வளரும் குஞ்சுகளே வருமானம். எந்த அளவு, எந்த நிறக் குஞ்சுகளை எடுத்துக்கொள்வார்கள் என்று கொளத்தூர் மீன் வியாபாரிகளிடம் முன்பே கேட்டுவிடுங்கள். வீட்டோர வண்ணமீன் வளர்ப்புக்கு மத்திய அரசின் ‘பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா யோஜனா’ திட்டத்தில் மானியம் வழங்கப்பட்டு வந்திருக்கிறது. பெண்களுக்குக் கூடுதல் விழுக்காடு உண்டு. தற்போதைய நிலவரத்தை மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் விசாரித்துவிட்டு முதலீடு செய்யலாம். விலைபோகாத மீன்களை எந்தக் காரணம் கொண்டும் ஏரியிலோ கிணற்றிலோ விடக் கூடாது. 1952-ம் ஆண்டு இந்தியாவுக்குள் வந்த ஜிலேபி, பல நீர்நிலைகளில் நாட்டு மீன்களுக்கே போட்டியாகிவிட்டதை எல்லோரும் அறிவார்கள்.

இந்த ஜோடிக்கு இன்னும் இரண்டு முறை வாய்ப்பு கொடுங்கள். தண்ணீரை மாற்றி, மோலியைப் பிரித்த பிறகும் முட்டைகள் மொத்தமாக வெளுத்தால், ஜோடியை மாற்றலாம். தெளிந்த முட்டை ஒரு கைப்பிடி இருந்தாலும், இந்த ஜோடியே போதும், புதுக்கடன் தேவையில்லை.