பையன் தோற்றானா, பட்டறை தோற்றதா?

21 வயதுப் பையன் ஒருவனை ஊரே கூடித் தேர்ந்தெடுத்து, தலையில் கிரீடம் வைத்து, பதினேழே மாதத்தில் அதே தலையில் குட்டி மூலையில் உட்கார வைத்தால் அதற்கு என்ன பெயர்? அமெரிக்கக் கால்பந்து உலகத்தில் அதற்கு "கடினமான ஆனால் சரியான முடிவு" என்று பெயர்!

பையன் பெயர் பிரைஸ் யங். அலபாமா பல்கலைக்கழகத்தில் ஆடி 2021-ல் ஹைஸ்மன் விருது வாங்கியவர். 2023 ஏப்ரலில் கரோலைனா பேந்தர்ஸ் அணி அவரை நாட்டிலேயே முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்தது. 2024 செப்டம்பரில் பெஞ்சில் உட்கார வைத்தது. அதுவரை அவர் தொடங்கிய 18 ஆட்டங்களில் 16 தோல்வி. உடனே தீர்ப்பு வந்துவிட்டது. உயரம் போதாது (5 அடி 10 அங்குலம்), கையில் பலம் போதாது, பையனிடம் சரக்கே இல்லை. சொன்னவர்கள் எல்லாம் பல ஆண்டு ஆட்டம் பார்த்த பெரியவர்கள்.

ஆனால் அந்தத் தீர்ப்பு தப்பு. தோற்றது பையன் அல்ல, அவனைச் செதுக்க வேண்டிய பட்டறை.

இந்த ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். பெயர்தான் கால்பந்து, காலுக்கு வேலை குறைவு. ஒரு பக்கம் 11 பேர். தாக்கும் அணியின் மூளை குவார்ட்டர்பேக். ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் பந்து முதலில் அவர் கைக்குத்தான் வரும். எதிரணி எப்படி நிற்கிறது என்று படித்து, யாருக்கு எறிவது என்று முடிவெடுத்து, எறிய வேண்டும். எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கிடைப்பது சுமார் மூன்று விநாடி. அந்த மூன்று விநாடியைச் சம்பாதித்துக் கொடுப்பவர்கள் முன்னால் சுவர் மாதிரி நிற்கும் ஐந்து தடியர்கள். சுவர் இடிந்தால் குவார்ட்டர்பேக் பந்தோடு தரையில். அதற்குப் பெயர் 'சாக்'.

இன்னொரு விஷயம். ஒவ்வொரு பயிற்சியாளருக்கும் ஆட்டத் திட்டங்களைச் சொல்ல ஒரு தனிச் சங்கேத மொழி உண்டு. ஆள் மாறினால் மொழியும் மாறும். காலாண்டுத் தேர்வு ஒரு மொழியில், அரையாண்டு இன்னொரு மொழியில் எழுதச் சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

சரி, இப்போது கணக்குக்கு வருவோம்.

வாங்கிய விலை

புதுப் பையன்களைத் தேர்ந்தெடுக்கும் 'டிராஃப்ட்' முறையில் போன வருடம் கடைசியாக வந்த அணிக்கு முதல் வாய்ப்பு. 2023-ல் அந்த வாய்ப்பு சிகாகோவிடம் இருந்தது. கரோலைனா அதை விலைக்கு வாங்கியது. கொடுத்த விலை: அந்த ஆண்டின் 9-வது மற்றும் 61-வது தேர்வுகள், 2024-ன் முதல் சுற்றுத் தேர்வு, 2025-ன் இரண்டாம் சுற்றுத் தேர்வு, போதாததற்குத் தங்கள் அணியின் சிறந்த பந்து பிடிப்பாளர் டி.ஜே. மோர்.

கவனியுங்கள். பந்து எறியும் ஆளை வாங்க, பந்தைப் பிடிக்கும் ஆளைக் கொடுத்தார்கள். காளையை விற்று வண்டி வாங்கின கதை! பையன் வந்து இறங்கியபோது நம்பி எறிய இருந்த முக்கியமான ஆள், அந்த சீசனில் 33 வயதான ஆடம் தீலன். பாவம், மனிதர் 103 பந்துகளைப் பிடித்துத் தன் பங்கைச் செய்தார். மற்றவர்கள்?

இதில் கொடுமை என்னவென்றால், கரோலைனா 2023-ல் 2 வெற்றி, 15 தோல்வி என்று லீக்கிலேயே கடைசியாக வந்தது. அதனால் சிகாகோவுக்குத் தாரை வார்த்த 2024 தேர்வு முதலாவது தேர்வாக மாறியது. தோற்றதற்கான பரிசைக்கூட அடுத்தவன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பராமரிப்புச் செலவு

வணிகவியல் முதலாண்டு மாணவனுக்கும் தெரியும், இயந்திரம் வாங்கினால் மட்டும் போதாது. அதை நிறுவ வேண்டும், எண்ணெய் போட வேண்டும், இயக்கத் தெரிந்த ஆள் வேண்டும். கரோலைனா என்ன செய்தது?

முதல் ஆண்டில் யங் 62 முறை சாக் ஆனார். இது உடம்பில் காயத்தோடு போகும் விஷயம் இல்லை. அடி வாங்கி வாங்கி, தூரத்தில் ஓடும் தோழனைப் பார்க்க வேண்டிய கண், பாய்ந்து வரும் எதிரியைப் பார்க்க ஆரம்பிக்கும். கால் அவசரப்படும். நேரம் இருக்கும்போதுகூட இல்லாதது போலத் தோன்றும். 2002-ல் ஹூஸ்டன் அணியின் புதுப் பையன் டேவிட் கார் 76 முறை சாக் ஆனார். லீக்கின் சாதனை இன்றும் அதுதான். முதல் ஆளாகத் தேர்வான அவரும் நட்சத்திரமாகாமலே போனார்.

அடுத்து வாத்தியார்கள். தலைமைப் பயிற்சியாளர் பிராங்க் ரைக், தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் தாமஸ் பிரவுன், குவார்ட்டர்பேக் பயிற்சியாளர் ஜாஷ் மெக்கவுன், மூத்த ஆலோசகர் ஜிம் கால்டுவெல். எல்லோரும் அனுபவசாலிகள். ஆனால் ஆளுக்கொரு பள்ளியில் பாடம் படித்தவர்கள். களத்தில் அடுத்த திட்டம் என்ன என்று சொல்லும் பொறுப்பு ரைக்கிடமிருந்து பிரவுனுக்குப் போனது, மறுபடி ரைக்கிடம் வந்தது, பிறகு மறுபடி பிரவுனுக்கே போனது. ஒரே சீசனில்! கடைசிக் கைமாற்றத்துக்குக் காரணம், 11 ஆட்டம் முடிந்ததும் ரைக் வீட்டுக்கு அனுப்பப்பட்டதுதான். மெக்கவுனும் கூடவே போனார். பையனுக்கு நேரடியாகப் பாடம் எடுத்தவரை வருட நடுவில் அனுப்பிவிட்டு, பையன் ஏன் பாடம் கற்கவில்லை என்று கேட்டால் என்ன நியாயம்?

முதலாளி

எல்லோரையும் மாற்றினார்களே, மாற்ற முடியாத ஒருவர் உண்டு. அணியின் உரிமையாளர் டேவிட் டெப்பர்.

இவர் சாதாரண ஆள் இல்லை. ஹெட்ஜ் ஃபண்ட் முதலாளி. நொடிந்துபோன கம்பெனிகளின் கடன் பத்திரங்களை அடிமாட்டு விலைக்கு வாங்கி, பொறுமையாகக் காத்திருந்து லாபம் பார்ப்பது இவர் தொழில். 2009-ல் அமெரிக்க வங்கிகள் திவாலாகப் போகின்றன என்று எல்லோரும் பங்குகளை விற்று ஓடியபோது, இவர் வாங்கினார். அந்த ஆண்டு அவருடைய நிதியம் சுமார் 700 கோடி டாலர் சம்பாதித்தது. பீதியில் விற்பவன் நஷ்டப்படுவான், பொறுத்தவன் ஜெயிப்பான் என்பதற்கு உதாரணம் காட்ட வேண்டுமானால் இவரைத்தான் காட்ட வேண்டும்.

அதே மனிதர் 2018-ல் 200 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து இந்த அணியை வாங்கினார். அதன் பிறகு 2019-ல் ரிவேரா, 2022-ல் ரூல், 2023-ல் ரைக் என்று மூன்று தலைமைப் பயிற்சியாளர்களைச் சீசன் நடுவிலேயே வீட்டுக்கு அனுப்பினார். 2023 கடைசி நாளில் ஜாக்சன்வில்லில் எதிரணி ரசிகர் மேல் கோப்பையிலிருந்த பானத்தை வீசி, 3 லட்சம் டாலர் அபராதமும் கட்டினார். வங்கிப் பங்குக்குக் காட்டிய பொறுமையில் பத்தில் ஒரு பங்கை ஒரு பையனுக்குக் காட்ட முடியவில்லை!

யங் முதல் பலியும் இல்லை. 2018 டிராஃப்டில் முதலாவதாகத் தேர்வான பேக்கர் மேஃபீல்டும் மூன்றாவதாகத் தேர்வான சாம் டார்னால்டும் 2022-ல் ஒரே நேரத்தில் கரோலைனாவில்தான் இருந்தார்கள். இருவருமே 'முடிந்துபோன கதை' என்று அப்போது பேசப்பட்டவர்கள். டார்னால்ட் 2019-ல் நியூயார்க் ஜெட்ஸில் இருந்தபோது, நியூ இங்கிலாந்துடன் நடந்த ஆட்டத்தின் நடுவே, கண்ணுக்குப் பேய்கள் தெரிகின்றன என்று சொன்னது ஒலிவாங்கியில் பதிவாகி நாடே சிரித்தது.

பிறகு? மேஃபீல்ட் 2023-ல் டாம்பா பே போனார். அங்கே 28 டச் டவுன், பிளே ஆஃபில் ஒரு வெற்றி. அடுத்த ஆண்டு 41 டச் டவுன். டார்னால்ட் ஓராண்டு சான் பிரான்சிஸ்கோ பெஞ்சில் அமைதியாக உட்கார்ந்து படித்தார். 2024-ல் மின்னசோட்டாவில் கெவின் ஓ'கானல் என்ற நல்ல வாத்தியார் கிடைத்தார். அந்த அணி 14 ஆட்டம் ஜெயித்தது. 2026 பிப்ரவரியில் சியாட்டில் அணிக்காக சூப்பர் பௌல் கோப்பையையே தூக்கினார். எதிரணி யார்? பேய் காட்டிய அதே நியூ இங்கிலாந்து!

அதே கை, அதே கால், அதே மூளை. மாறியது பட்டறை மட்டும்தான்.

எதிர்க்கட்சி வாதம்

சும்மா ஒரு பக்கமே பேசக் கூடாது. எதிர்த்தரப்பின் பலமான கேள்வி இது: "அதே 2023 டிராஃப்டில் இரண்டாவதாகப் போன சி.ஜே. ஸ்ட்ரவுட் ஹூஸ்டனில் முதல் ஆண்டே ஜொலித்தாரே? 4,108 கெஜம், 23 டச் டவுன், எதிரணிக்குப் பறிகொடுத்த பந்து ஐந்தே ஐந்து. அப்படியானால் குறை பையனிடம்தானே?"

நல்ல கேள்வி. ஸ்ட்ரவுட் அந்த ஆண்டு யங்கைவிட நன்றாக ஆடினார், மறுப்பதற்கில்லை. ஆனால் கதையை அதோடு நிறுத்திவிடுகிறார்கள். 2024-ல் அதே ஸ்ட்ரவுட் 52 முறை சாக் ஆனார், ஆட்டம் இறங்கியது. சீசன் முடிந்ததும் அணி தாக்குதல் ஒருங்கிணைப்பாளரை நீக்கியது. ஒரே ஆண்டில் பையனின் திறமை ஆவியாகிவிட்டதா என்ன? சுவர் இடிந்தது, எறிபவனும் சரிந்தான். ஸ்ட்ரவுட்டின் இரண்டு ஆண்டுகளும் சேர்ந்து பட்டறை வாதத்துக்குத்தான் சாட்சி சொல்கின்றன.

இன்னொரு வாதம்: "பெய்ட்டன் மேனிங் 1998-ல் முதல் ஆண்டில் 28 முறை பந்தைப் பறிகொடுத்தார். அணி 3-13. அடி வாங்கித்தான் கற்றுக்கொண்டார். இன்றைய பையன்கள் பூப்போலவா?" இதைச் சொல்பவர்கள் ஒரு பெயரை மறந்துவிடுகிறார்கள்: டாம் மூர். 1998 முதல் 2008 வரை மேனிங்கின் தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் அவர் ஒருவர்தான். 11 ஆண்டு, ஒரே வாத்தியார், ஒரே மொழி. எதிர்ப்பக்கம் அலெக்ஸ் ஸ்மித்தைப் பாருங்கள். 2005-ல் முதல் ஆளாகத் தேர்வானவர். 2009 வரை ஐந்து ஆண்டில் ஐந்து ஒருங்கிணைப்பாளர்கள். ஊரே அவரைத் தோல்வி என்றது. 2011-ல் ஜிம் ஹார்பா வந்து பாடத்தை ஒழுங்குபடுத்தியதும் அணி 13-3. ஆக, களத்தில் இறக்குவதா பெஞ்சில் வைப்பதா என்பது இரண்டாவது கேள்வி. பாடம் நடத்துபவர் நாளைக்கும் இருப்பாரா என்பதுதான் முதல் கேள்வி.

ஜமார்கஸ் ரசல் மாதிரி தானாகக் கெட்டவர்களும் உண்டு. 2007-ல் முதல் ஆளாகத் தேர்வாகி, மூன்றே சீசனில் ஆட்டத்தை விட்டுக் காணாமல் போனார். எல்லாப் பையனும் உத்தமன் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அவரைக் காட்டி மற்ற எல்லோருக்கும் தீர்ப்பு எழுதுவது என்ன நீதி?

ஏன் இந்த அவசரம்?

காரணம் பணம்தான். 2010-ல் முதல் ஆளாகத் தேர்வான சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு ஆண்டுக்கு 7.8 கோடி டாலர் ஒப்பந்தம். 2011-ல் தொழிலாளர் ஒப்பந்தம் மாறி, புதியவர்களின் சம்பளத்துக்கு வரம்பு வந்தது. அந்த ஆண்டின் முதல் ஆள் கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுக்குச் சுமார் 2.2 கோடிதான். யங்குக்கு நான்கு ஆண்டுக்குச் சுமார் 3.8 கோடி. ஆனால் இன்று நிலைபெற்ற குவார்ட்டர்பேக்குக்கு ஒரே ஆண்டுக்கு 5 கோடிக்கு மேல்! எனவே அணிகளுக்கு ஒரு கணக்கு. பையன் மலிவாக இருக்கும் நான்கு ஆண்டுக்குள் எல்லா லாபத்தையும் பிழிந்துவிட வேண்டும். அதே 2011 ஒப்பந்தம் பயிற்சி நாட்களையும் குறைத்தது. கற்கும் நேரம் குறைந்தது, எதிர்பார்ப்பு கூடியது. பழுக்காத மாங்காயைக் கல் வைத்துப் பழுக்க வைத்தால் நிறம் வரும், ருசி வருமா?

பின்குறிப்பு மாதிரி ஒரு உண்மை

2024-ல் கரோலைனாவுக்குக் கொஞ்சம் புத்தி வந்தது. ராபர்ட் ஹன்ட், டேமியன் லூயிஸ் என்று இரண்டு கார்டுகளை வாங்கிச் சுவரைப் பலப்படுத்தினார்கள். புதுப் பயிற்சியாளர் டேவ் கனாலஸ் யார் தெரியுமா? டாம்பா பேயில் மேஃபீல்டைத் தூக்கி நிறுத்தியவர்! ஆனால் அவரும் இரண்டே ஆட்டத்தில் பதறிப் பையனை உட்கார வைத்தார். மறுபடி களம் இறங்கிய வாய்ப்பு எப்படி வந்தது? மூத்தவர் ஆண்டி டால்டன் கார் விபத்தில் கட்டைவிரலில் அடிபட்டார். அதனால் வந்தது.

"பார்த்தீர்களா, பெஞ்சில் உட்கார்ந்ததால்தான் திருந்தினான்" என்கிறார்கள். இருக்கலாம். ஓரமாக நின்று பார்த்ததில் பலன் இருந்திருக்கலாம். அப்படியானால் 2023-லேயே அதைச் செய்திருக்கலாமே? டால்டன் அப்போதும் அதே அணியில்தானே இருந்தார்! முதலில் பார்க்க விட்டு, பிறகு ஆட விடுவது பாடம். முதலில் அடிவாங்க விட்டு, பிறகு மூலையில் உட்கார வைப்பது தண்டனை.

திரும்பி வந்த யங், அந்த சீசனின் கடைசி ஆட்டத்தில் அட்லாண்டாவை 44-38 என்று சாய்த்தார். 2025 நவம்பரில் அதே அட்லாண்டாவுக்கு எதிராக 448 கெஜம் எறிந்து அணியின் வரலாற்றுச் சாதனையை உடைத்தார். 8-9 என்ற சுமாரான கணக்கோடுதான் என்றாலும் அந்த ஆண்டு கரோலைனா தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. யங் இன்னும் மகா ஆட்டக்காரர் ஆகிவிடவில்லை. ஒருவேளை ஆகாமலும் போகலாம். ஆனால் "சரக்கே இல்லை" என்று 2024 செப்டம்பரில் எழுதிய தீர்ப்பு கிழிந்துவிட்டது.

அந்த 5 அடி 10 அங்குலம் ஒரு அங்குலம்கூடக் கூடவில்லை. சுவர் நின்றது, வாத்தியார் நிலைத்தார், அவ்வளவுதான். அடுத்த ஏப்ரலில் இன்னொரு பையன் மேடையேறித் தொப்பி மாட்டிக்கொண்டு சிரிப்பான். அவன் எவ்வளவு உயரம் என்று அளப்பதற்கு முன்னால், அவனுக்குப் பாடம் நடத்தப் போகிறவர் எத்தனை நாள் இருப்பார் என்று யாராவது அந்த முதலாளியைக் கேட்பார்களா?